ஒரு முழமும் இரண்டரை அங்குலமும்

மார்ச் 3

அளவுகோல் கொழுந்தனுக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணனும் சுகம்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதனால் சுகம் என்று எடுத்துக்கொண்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது தட்டையும் அளந்து பார்த்துக்கொண்டே ஆறவிடுகிறாயா?

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது ஒரு பழைய கேமராவும், இரண்டு கண்ணாடி பதித்த மரப்பெட்டியும் கொடுத்தாய். ரெட்டைப் படம் பார்க்கிற பெட்டி என்றாய். நானும் "அடேயப்பா, எவ்ளோ அழகு" என்றேன். நீ ரயிலேறிய மறுநாளிலிருந்து அந்தப் பெட்டி சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. உயரம் கச்சிதம். உனக்குத் தெரிந்தால் இந்த வீட்டுப் படியே மிதிக்கமாட்டாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

போன வாரம் என் சின்ன மகள் அதைத் துடைத்து, நீ வேலை பார்க்கிற மியூசியத்துப் பானைப் படங்கள் இரண்டையும் உள்ளே சொருகிப் பார்த்தாள். "அம்மா, பானை வெளிய வந்து நிக்குதும்மா" என்றாள். நானும் கண்ணை வைத்தேன். தட்டையான இரண்டு அட்டை, உள்ளே பார்த்தால் ஒரே பானை. வாய்க்குள் கையை விடலாம் போலிருந்தது. அப்போதுதான் எங்கள் சுவர் ஞாபகம் வந்தது.

நான் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிற சலவைக்கூடம் உனக்குத் தெரியும். இஸ்திரி அறையில் நாங்கள் பதினாலு பேர். வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டடம் கட்டப்போகிறேன் என்று மணலைக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு மேல் சாய்த்துக் கொட்டியிருக்கிறார்கள். மழையில் நனைந்து நனைந்து அது தள்ள, சுவர் எங்கள் பக்கமாக வயிறு போட்டுவிட்டது. சுவரோரத்து மேஜை என்னுடையது. மேனேஜரிடம் சொன்னால், "நீராவி கண்ணுல படுதும்மா, அதான் அப்படித் தெரியுது" என்கிறான். பதினாலு பேர் கண்ணிலும் ஒரே மாதிரியாகப் படுகிற நீராவி.

தொழிலாளர் ஆபீசுக்கு எழுதிப் போட்டோம். அதிகாரி வந்தார். அவர் வருகிற அன்று மேனேஜர் சுவருக்கு முன்னால் கொடி கட்டி நாற்பது ஈரப் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டான். அவர் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு உன் கேமராவில் ஒரு படம் எடுத்து அனுப்பினோம். அதில் சுவர் காகிதம் மாதிரி நேராக நிற்கிறது.

ஆகையால் சுவரையும் பானை மாதிரி எடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் குறைந்துவிட்டது, இருமலும் குறைந்துவிட்டது. பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நமக்கு இரண்டு கண். இடது கண் பார்ப்பதும் வலது கண் பார்ப்பதும் கொஞ்சம் வேறு. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரம் என்று மூளை சொல்கிறது. ஒரு படம் எடுத்தால் ஒற்றைக் கண்ணால் பார்த்த மாதிரி. ஆகவே ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுக்க வேண்டும். திருப்பக் கூடாது, நகர்த்த மட்டும்தான். இரண்டு படத்துக்கும் நடுவில் அறையில் எதுவும் அசையக் கூடாது, நீராவி உட்பட.

இன்னொன்று. சுவர் வெள்ளையடித்த சுவரா? அப்படியானால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது. சுவரில் ஏதாவது புள்ளிகள் வேண்டும்.

எவ்வளவு தூரம் நகர்த்துவது என்பதுதான் முக்கியம். கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் எத்தனை அடியில் என்று அளந்து எழுதுங்கள், சொல்கிறேன். அதுவரை எடுக்க வேண்டாம்.

அண்ணனையும் சின்னவளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 2, திங்கள், பகல் பதினொரு மணி

அளவுகோலுக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது, நாங்கள் வாடவில்லை. இருமலுக்கு வெந்நீர் குடி. எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எடுத்துவிட்டேன்.

பிடிமானத்துக்குப் புள்ளி கேட்டாயே, சலவைக்கூடத்தில் நீலத்துக்கா பஞ்சம்? மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் பதினாலு பேரும் கட்டைவிரலை நீலத்தில் முக்கி, சுவர் முழுக்கப் பொட்டு வைத்தோம். எனக்குக் கை நிற்கவில்லை. நாலு பொட்டுக்கு மேல் ஒரு மீசையும் வரைந்தேன். யார் மீசை என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

பிறகு படம். கொஞ்சம் நகர்த்தினால் கொஞ்சம் தெரியும், நிறைய நகர்த்தினால் நிறையத் தெரியும், இதற்கு எதற்குக் கணக்கு என்று ஒரு முழம் நகர்த்தினேன். பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன், பார். சுவருக்கு நிறைமாதம். இஸ்திரி அறையில் ஒவ்வொருத்தியாகப் பெட்டியில் கண்ணை வைத்து "ஐயோ" என்று பின்னால் போனாள். பெட்டியோடு சேர்த்துத் தொழிலாளர் ஆபீசுக்குப் பார்சல் போட்டாயிற்று. இனி அந்த மணலை மேனேஜர் தன் மீசையாலேயே வாரட்டும்.

எனக்கு இப்போதெல்லாம் நேரம் நிறைய. வாசலில் நாற்காலி போட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நாற்காலியின் கால் அப்படி.

உன் அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

வெந்நீர் குடிக்கிறேன். படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அரை மணி நேரம் தலைவலி.

உங்கள் முழம் எவ்வளவு என்று தெரியும். நல்ல நீளமான முழம். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அந்தத் தலை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் எடுத்திருப்பது ஒரு ராட்சசன் குனிந்து பார்த்த அறை. ராட்சசனுக்கு எல்லாமே பொம்மைதான். மேஜைகள் தீப்பெட்டி மாதிரி இருக்கின்றன, இஸ்திரிப் பெட்டிகள் சுண்டுவிரல் அளவு, உங்கள் தோழிகள் பொம்மைக் கடையில் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் ஒருவர் ஒரு படத்தில் இருக்கிறார், இன்னொன்றில் இல்லை. பேய் மாதிரி மினுங்குகிறார்.

மனிதக் கண்களுக்கு நடுவே இரண்டரை அங்குலம்தான். இப்படிப்பட்ட ஒரு சின்ன அறையில் இயல்பாகத் தெரிய வேண்டுமானால், முன்னால் இருக்கும் பொருளின் தூரத்தை முப்பதால் வகுங்கள். அவ்வளவுதான் நகர்த்தலாம். அதைக் குறைத்தால் ஆட்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போலாவார்கள். கூட்டினால் பார்ப்பவர் சந்தேகப்படுவார். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பமாட்டார்.

ஏப்ரல் இரண்டு, திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி என்று மேலே போட்டிருந்தீர்கள். அன்று வேலை இல்லையா?

தங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 29

அருமைக் கொழுந்தனுக்கு,

உன் தலைவலி தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போதுதான் ஆரம்பம்.

ஆபீசிலிருந்து பெட்டியும் படமும் திரும்பி வந்துவிட்டன. நீ சொன்னதேதான் நடந்தது, போதுமா. மேனேஜர் ஒரு இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அந்த ஆள் பெட்டியில் பார்த்துவிட்டு, "இதுல இருக்கறது பொம்பளைங்களா, பொம்மைங்களா சார்? கேமரால பண்ண வேலை இது" என்றானாம். அதிகாரியும் சிரித்தாராம். "படம் நம்பத்தக்கதல்ல" என்று முத்திரை குத்தி எழுதியிருக்கிறார்கள். கடைசி விசாரணை ஜூன் இருபதாம் தேதி. அதற்குள் வேறு ஆதாரம் இல்லையென்றால் புகாரை மூடிவிடுவார்களாம்.

கேள். போர்வையைத் தொங்கவிட்டு மறைத்தவன் சொல்வது நிஜம், முழம் நகர்த்தியவள் பொய்க்காரி. சுவர் விழும்போது இரண்டரை அங்குலம் அளந்தா விழும்? பயமில்லாதவனுக்குப் பயம் காட்ட ஒரு முழம் வேண்டியிருந்தது, நகர்த்தினேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அடுத்த தடவை இரண்டு முழம் நகர்த்தலாமா என்றுகூட யோசித்தேன். உன் முகம் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

உன் அண்ணன் சுகம். சின்னவள் காலையில் சீக்கிரம் போய்விடுகிறாள். பூனை குட்டி போட்டிருக்கிறது. மூன்று.

உன் அண்ணி


மே 9

தம்பிக்கு,

நலம். நீ நலமா.

அவள் சொல்லமாட்டாள். சுவரில் பொட்டு வைத்த அந்த வாரமே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேறு ஆள் வந்தால் இடத்தைத் தருகிறேன் என்றான் மேனேஜர். சின்னவள் போகிறாள். அதே மேஜை. சுவரோரம்.

உன் அண்ணி தூங்குவதில்லை. விடிந்தால் சிரிக்கிறாள்.

உன்னால் ஆனதைச் செய்.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

பூனையும் குட்டிகளும் நலமாக இருக்கட்டும். இத்துடன் ஒரு மரச்சட்டம் அனுப்புகிறேன். மியூசியத்துத் தச்சரிடம் சொல்லிச் செய்தது. மேலே கேமராவை வைத்து, இடது கட்டையில் முட்டும்வரை தள்ளி ஒரு படம், வலது கட்டையில் முட்டும்வரை தள்ளி இன்னொன்று. முன்னால் இருக்கும் பொருள் ஆறடியில் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். ஆறடிக்கு எழுபத்திரண்டு அங்குலம், முப்பதில் ஒரு பங்கு இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. கட்டைகளை அப்படித்தான் பொருத்தியிருக்கிறது. பிடுங்கி மாற்ற முடியாதபடி ஆணி அடிக்கச் சொன்னேன். உங்களைத் தெரியும்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் முழுவதும் இங்கே பானைகளை அளவுக்கு மேல் நகர்த்தித்தான் எடுத்தேன். பானை மூக்கை இடிக்கிற மாதிரி வரவேண்டும் என்று மேலதிகாரி கேட்டார். கூட்டமும் கைதட்டியது. ஒரு நாள் பானை வனைகிறவர் ஒருவர் வந்தார். தன் கையால் செய்த பானையைப் பெட்டியில் பார்த்துவிட்டு, "இது என்னுது இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் கூடுதலாக நகர்த்துவதில்லை. மேலதிகாரி பேசுவதில்லை. பரவாயில்லை.

மேல் உத்தரத்திலிருந்து சுவருக்கு முன்னால் ஒரு கறுப்பு நூலைக் கனம் கட்டித் தொங்கவிடுங்கள். நேராக ஒன்று நின்றால்தான் கோணல் எது என்று கண்ணுக்குத் தெரியும். வேறு எந்த வித்தையும் வேண்டாம். அந்த அதிகாரிக்குத் தன் தலையிலிருக்கும் கண்ணால் பார்ப்பது போல் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் தப்பிக்க முடியாது.

சின்னவளை அந்த மேஜையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல முடியுமா?

தங்கள் கொழுந்தன்


ஜூன் 2

கொழுந்தனுக்கு,

சுகமாக இரு. சட்டம் வந்தது. ஆணியையும் பார்த்தேன். உன் மேலதிகாரியிடம் நீயும் பேசாதே.

ஆக, உன் அண்ணன் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு கடுதாசி எழுதாத மனுஷன். "என்ன எழுதினீங்க" என்று கேட்டேன். "நலம்னு எழுதினேன்" என்றார்.

சரி, தெரிந்துவிட்டது. நான் போகாதே என்றுதான் சொன்னேன். "மத்த பதிமூணு பேரும் அங்கதானேம்மா நிக்கறாங்க, நாம மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணுமா" என்று கேட்டாள். என் வாயையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். தள்ளி நிற்க முடியாது. நீராவிக் குழாயோடு சேர்த்து மேஜையைத் தரையில் முடுக்கியிருக்கிறது. தினமும் காலையில் அவள் தெரு திரும்பும்வரை நிற்பேன். சாயங்காலம் அதே இடத்துக்குப் போய் நிற்பேன். உனக்கு எழுதினால் நீயும் அங்கே உட்கார்ந்து நகம் கடிப்பாய், அதனால் எழுதவில்லை.

இப்போது வேலை நடந்த கதையைக் கேள். வாசலில் என்னை விடமாட்டார்கள். அழுக்குத் துணி தள்ளுவண்டியில் நான் உட்கார, மேலே ஆஸ்பத்திரிப் போர்வையைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன், "என்ன இன்னிக்கு இவ்ளோ கனம்" என்றான். வண்டி தள்ளினவள், "அழுக்கு அதிகம்ணே" என்றாள். வெளியே வந்து கவனித்துக்கொள்கிறேன் அவளை என்று உள்ளேயே கறுவிக்கொண்டேன்.

மேனேஜர் சாப்பாட்டு நேரம். நீராவியை அடைத்தோம். நூல் தொங்கியது, கனத்துக்கு என் பழைய பூட்டு. பொட்டுகளின் மேல் அவன் சுண்ணாம்பு அடித்திருந்தான், ஆனாலும் நீலம் அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நல்ல சரக்கு. சட்டத்தை ஒரு மேஜை விளிம்பில் வைத்தேன். முன் மேஜைவரை நூல் பிடித்து அளந்தேன்: ஆறடி, ஒரு விரல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. "மூச்சு விடாதீங்கடி" என்றேன். யாரும் விடவில்லை. இடது. வலது. அவ்வளவுதான்.

படம் கழுவி வந்ததும் பெட்டியில் பார்த்தேன். முதலில் அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று. முழத்தில் எடுத்தபோது சுவர் வந்து முட்டியது, இதில் சும்மா ஒரு அறை. நாலு பேர் நிற்கிறார்கள். உன்னைத் திட்ட வாயைத் திறந்துகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். நூல் நேராகத் தொங்குகிறது. அதற்குப் பின்னால் சுவர், மேலே தள்ளி இருக்கிறது, கீழே வரவர நூலைத் தேடி வருகிறது. சின்னவள் இஸ்திரிப் பெட்டியில் கை வைத்து நிற்கிறாள். என் மகள்தான், பொம்மை இல்லை. அவள் முழங்கைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இல்லை. பதினாறு வருஷம் அங்கே நின்ற எனக்கு அது தெரியாது, கொழுந்தா. நின்றவளுக்கு எப்படித் தெரியும்.

ஒரு பிரதி உனக்கு.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.

பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். அளவில் சொல்ல ஒன்றுமில்லை. இதற்கு முன் நான் எடுத்த எந்தப் படத்திலும் இது இல்லை. சின்னவள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு போங்கள். அதிகாரி கண்ணை வைத்த பிறகு பேசாமல் இருங்கள். கஷ்டம்தான், ஆனாலும் முப்பது எண்ணும்வரை.

தங்கள் கொழுந்தன்


ஜூன் 30

என் கொழுந்தனுக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை உன் அண்ணன் வாயைத் திறந்தே சொன்னார். நீ எப்படி இருக்கிறாய் என்பதை இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுது.

விசாரணைக்குச் சின்னவளையும் சேர்த்துப் பதினைந்து பேராகப் போனோம். ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு. "எல்லாரும் வந்தா அறை யாரு பாக்கறது" என்று மேனேஜர் கேட்டான். "சுவர் பாத்துக்கும்" என்றேன். உள்ளே எனக்கும் அவனுக்கும் மட்டும் நாற்காலி. மற்றவர்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பக்கத்தில் அந்த இன்ஜினீயர்.

"மறுபடியும் அதே பெட்டியாம்மா?" என்றார் அதிகாரி.

"பெட்டி அதேதான் சார். போன தடவை நான் ஒரு முழம் நகத்திட்டேன், அது என் தப்பு. இது உங்க கண்ணளவு."

இன்ஜினீயர்தான் முதலில் வாங்கிப் பார்த்தான். சிரிக்கத் தயாராகத்தான் கண்ணை வைத்தான். பிறகு படத்தை வெளியே எடுத்து, ஸ்கேலை வைத்து மேஜையை அளந்தான், ஆள் உயரத்தை அளந்தான், திரும்ப உள்ளே வைத்தான். மேனேஜர் "சொல்லுங்க சார்" என்று முழங்கையால் இடித்தான். அந்த ஆள் பெட்டியை அதிகாரி பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அதிகாரி கண்ணை வைத்தார். நான் எண்ணினேன். நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினெட்டில் அவர், "இந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ பக்கத்துல நிக்குது?" என்றார்.

"எந்தப் பொண்ணு சார்?" என்றான் மேனேஜர்.

"என் பொண்ணு" என்றேன். எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தள்ளி நில்லும்மா" என்று சொல்லிக்கொண்டே, அவளை இழுக்கிறவர் மாதிரி வலது கையை முன்னால் நீட்டினார்.

அன்று மாலையே உத்தரவு போட்டார். மணலை முழுதாக எடுத்து, சுவரை இடித்துக் கட்டும்வரை இஸ்திரி அறைக்குப் பூட்டு. மேஜைகளைக் குழாயோடு கழற்றி உள்கூடத்துக்கு மாற்ற வேண்டும். நான் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டும். வந்துவிட்டேன். சின்னவளும் இருக்கிறாள், எனக்கு எதிர் மேஜையில். என்னை விட வேகமாக மடிக்கிறாள், அதை அவளிடம் சொல்லாதே.

அதிகாரி கையை நீட்டிய இடத்தில் ரப்பர் முத்திரைக்கு ஊற்றுகிற ஊதா மைப் புட்டி மூடியில்லாமல் இருந்தது. அது எதிரே இருந்த மேனேஜர் மேல் கவிழ்ந்தது. சட்டை சலவைக்கு எங்களிடமே வந்தது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தோம். பிறகு சோப்பு போட்டோம். பிறகு வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டோம். கறை தனியாகத் தெரியவில்லை. சட்டை முழுவதும் ஒரே சீராக இளம் ஊதாவாகிவிட்டது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

அண்ணி